நிலம் இருக்கிறது, மாதப் பணம் இல்லை: டெல்டாவின் முதுமைக் கணக்கு

நீங்கள் கேட்டது இது. உங்கள் மாமனார் கோவையில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பணம் டெபாசிட்டில் இருக்கிறது, மாதம் சிறிய பென்ஷனும் வருகிறது. உங்கள் அப்பாவுக்கு நீடாமங்கலம் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. அவருக்கு வயது 61, அம்மாவுக்கு 56, கையில் ரொக்கம் என்று எதுவும் இல்லை. "எங்கள் டெல்டாக்காரர்களுக்குச் சேமிக்கவே தெரியாதா?" என்று முடித்திருந்தீர்கள்.

தெரியாமல் என்ன? கும்பகோணத்தில் 1904லேயே வங்கி தொடங்கியாயிற்று. இன்றைய சிட்டி யூனியன் வங்கி அன்று கும்பகோணம் வங்கி என்ற பெயரில் அங்கே ஆரம்பித்ததுதான். தெருவுக்கு ஒரு சீட்டு, ஊருக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் என்று பணத்தைப் புழங்கத் தெரிந்த ஊர்கள் இவை. நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கக் கூட்டுறவு வங்கிகளில் வேலை பார்த்தவன், அதில் பாதிக்காலம் நகைக்கடன் கவுண்டரில். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்கள் அப்பாவிடம் இருப்பது உங்கள் மாமனாரிடம் இருப்பதைவிடப் பெரிய சொத்தாகவே இருக்கும். ஆனால் அது மாதா மாதம் காசாக வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் மாமனார் சிக்கனக்காரராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவருடைய பி.எஃப். சேர்ந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பணம் கைக்கு வரும் முன்பே சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள், முதலாளியும் தன் பங்கைப் போட்டார். மேற்கு மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்தப் 'பிடித்தம்' என்ற ஒரு சொல்தான். 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாவட்டத்தில் நாலில் மூன்று பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். திருவாரூர் மாவட்டத்தில் ஐந்தில் நாலு பேர் கிராமத்தில். பிடித்தம் செய்ய ஒரு முதலாளியோ கம்பெனியோ இல்லாத ஊரில் பி.எஃப். எங்கிருந்து வரும்?

மேற்கே எல்லாரும் செழிப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களில் பலருக்குப் பி.எஃப். கணக்கே கிடையாது. கணக்கு இருப்பவருக்கும் பென்ஷன் கணக்கு சின்னதுதான்: சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள், அதைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். முழுக்க அந்த வரம்பிலேயே முப்பது வருடம் வேலை பார்த்தாலும் மாதம் சுமார் ஆறரை ஆயிரம். 2014 செப்டம்பருக்கு முன்னால் வரம்பே 6,500தான் என்பதால் பழைய ஆட்களுக்கு இன்னும் குறைவு. குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய். ஆக, அவரைக் காப்பாற்றுவது அந்தப் பென்ஷனைவிட மொத்தமாக வந்த பி.எஃப். தொகைதான்.

இப்போது நம்ம ஊர் நகைக்கடன் கவுண்டருக்கு வருகிறேன்.

ஆனி மாதம் பிறந்தால் எங்கள் கிளையில் வரிசை நிற்கும். குறுவைக்கு உழவு, விதை, நடவுக்கூலி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும். ஒரு அம்மா வருஷா வருஷம் வருவார். மஞ்சள் பைக்குள் ஒரு கைக்குட்டை, அதற்குள் ஒரு முறுக்குச் சங்கிலி, கொக்கி மட்டும் பிற்காலத்தில் மாற்றியது, நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கும். மதிப்பீட்டாளர் அதைக் கல்லில் உரசிப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம். அந்தச் சங்கிலியின் எடை எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். தை, மாசியில் சம்பா நெல் போட்ட பணம் வந்ததும் திருப்புவார், பங்குனி உத்திரத்துக்குக் கழுத்தில் போட்டுக்கொள்வார், ஆனியில் திரும்பக் கொண்டு வருவார். மகசூல் பொய்த்த வருஷம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார். "தம்பி, இந்தத் தடவை முழுசாத் திருப்பிடலாம்னுதான் இருந்தேன், மேட்டூர் தொறக்கலையே" என்பார். 2021இல் ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்களுக்கு அரசு தள்ளுபடி அறிவித்தது. அவருக்கும் கிடைத்தது. சங்கிலி ஒரு பைசா கட்டாமல் வீட்டுக்குப் போனது. அடுத்த ஆனியில் அதே கைக்குட்டையில் வந்து நின்றது.

அந்தச் சங்கிலி அவருக்குக் கல்யாணத்தில் போட்டது. அவர் பெயரில் இருக்கும் ஒரே சொத்து. வயதான காலத்துக்கு ஆகும் என்று அவர் அம்மா போட்டு அனுப்பியது, அவர் புருஷனின் பயிருக்கு ஈடாக வருஷத்தில் எட்டு மாதம் எங்கள் இரும்புப் பெட்டியில் கிடந்தது. நிலப் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில், நகை பெண் பெயரில். நகையும் நிலத்துக்குள் போய்விட்டால் அவளுக்கென்று மிஞ்சுவது என்ன? டெல்டாவில் முதுமைக்காலச் சேமிப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

அந்த அம்மா மேட்டூரைச் சொன்னது சாக்கு இல்லை. குறுவைக்கு மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12 எங்களுக்குச் சம்பளத் தேதி மாதிரி. 2012இலிருந்து 2019 வரை எட்டு வருடம் தொடர்ந்து அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. பெரும்பாலும் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ, 2017இல் அக்டோபரில், 2018இல் ஜூலை பாதிக்கு மேல்தான் திறந்தார்கள். 2020இல்தான் மறுபடி ஜூன் 12. ஆழ்குழாய் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள், மற்றவர்களுக்குச் சம்பா ஒன்றுதான், அதுவும் சில வருஷம் கருகியது. வயதை வைத்துப் பாருங்கள். 2012இல் 52 வயதில் இருந்த விவசாயிக்கு 2020இல் 60. மாதச் சம்பளக்காரன் பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டு அதிகமாகச் சேமிக்கிற எட்டு வருஷம் அது. அதே எட்டு வருஷத்தில் இவர் வருஷா வருஷம் ஒரு போகத்தை இழந்தார். உங்கள் அப்பா அப்போது நாற்பதுகளின் கடைசியில் இருந்திருப்பார், அவரிடமே கேட்டுப் பாருங்கள், வருஷம் வருஷமாகச் சொல்வார்.

டெல்டா என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, உள்ளே ஊருக்கு ஊர் நிலைமை வேறு. திருச்சியில் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை, பொன்மலை ரயில்வே பட்டறை என்று பென்ஷன் குடும்பங்கள் தெருத்தெருவாக உண்டு. அந்தப் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது, 1920களில் பொன்மலைக்குப் போனது. ஒரு பட்டறை நூறு மைல் தள்ளிப் போனால் மூன்று தலைமுறைப் பென்ஷன் அதனுடன் போய்விடும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தஞ்சை, கும்பகோணம் பக்கம் வாத்தியார் வீடு, வருவாய்த்துறை வீடு என்று சில குடும்பங்கள் தெம்பாக இருக்கும். அதிலும் 2003 ஏப்ரல் 1க்கு முன் அரசு வேலையில் சேர்ந்த அப்பாவுக்குப் பஞ்சப்படியோடு பழைய ஓய்வூதியம், அதற்குப் பின் சேர்ந்த மகனுக்குப் பங்களிப்புத் திட்டம். ஒரே வீட்டில் இரண்டு காலம்.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கம் போனால் வேறு படம். கூத்தாநல்லூரைச் சின்னச் சிங்கப்பூர் என்பார்கள். வெளிநாட்டுக் காசில் எழுந்த வீடுகள்தான், ஆனால் வீட்டுக்காரருக்குப் பென்ஷன் கிடையாது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஒர்க் பெர்மிட்டில் இருபது வருடம் உழைத்தாலும் அதில் ஒரு வெள்ளி சேராது. அமீரகத்தில் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மற்றதை அலவன்ஸாகப் போட்டிருந்தால் அதுவும் சுருங்கும். திரும்பி வந்தவர்கள் அந்தப் பணத்தில் மாடி கட்டுவார்கள். மாடிக்கு வாடகை வரும் ஊர் என்றால் சரி, அக்கரைக்குப் பிள்ளைகளும் போய்விட்ட ஊரில் மாடிக்கு யார் வருவார்கள்?

கடைமடையில், பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னைதான் பென்ஷன். நெல் மாதிரி இல்லை, நாற்பத்தைந்து, அறுபது நாளுக்கு ஒரு வெட்டு, கையில் காசு. வயதான பிறகு வரப்பில் இறங்க முடியாவிட்டாலும் தோப்பு காசு கொடுக்கும் என்று நெல் வயலைத் தென்னையாக மாற்றியவர்கள் பலர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. ஒரே ராத்திரியில் அத்தனை பேருடைய பென்ஷனும் சாய்ந்தது. புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம். அறுபத்தைந்து வயதுக்காரர் எழுபத்திரண்டு வரை காத்திருக்க வேண்டும்.

அதே பேராவூரணியில் மொய் விருந்து உண்டு. ஆடி, ஆவணியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போட்டு, மொய் எழுதுவார்கள். ஒரே நாளில் பல லட்சம் சேரும், வட்டியும் இல்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வாங்கியதை ஒவ்வொருவருக்கும் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். அறுபது வயதில் மொய் விருந்து வைத்து அந்தப் பணத்தை டெபாசிட் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. அது பாதி சேமிப்பு, பாதி கடன். வருமானம் குறையும் வயதில் திருப்பிச் செய்கிற நோட்டு மட்டும் தடிமனாகவே இருக்கும்.

இன்னொன்று, காரைக்கால். நான்கு பக்கமும் நாகையும் மயிலாடுதுறையும் திருவாரூரும் கடலும் சூழ்ந்த ஊர், அதே காவிரித் தண்ணீர், அதே நெல். ஆனால் நிர்வாகம் புதுச்சேரி. முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய், 2023 ஆகஸ்டிலிருந்து. அதற்கு முன் ஆயிரம். புதுச்சேரி தருவது இதைவிட நன்றாகவே அதிகம். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை என்று வாக்கப்பட்ட குடும்பங்களில் இந்தக் கணக்கு அடிக்கடி பேச்சில் வரும்.

அந்த 1,200இல் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், எண்பதுக்கு மேல் 500. மீதி மாநிலம் போடுவது. நிலமில்லாத கூலிக்காரக் குடும்பங்களுக்கு இதுவே முதுகெலும்பு. நூறு நாள் வேலை, ரேஷன் அரிசி, இந்தத் தொகை, மூன்றும் சேர்ந்துதான் அடுப்பு எரிகிறது. இ-சேவையில் விண்ணப்பம், வி.ஏ.ஓ. விசாரணை, தனி வட்டாட்சியர் ஆணை என்று நடைமுறை. ஆதரவற்றவர் என்ற நிபந்தனையும் சொத்து வரம்பும் இருப்பதால் உங்கள் அப்பாவுக்கு இது வராது, முயற்சி செய்ய வேண்டாம். கட்டட வேலை, சுமை தூக்குவது என்று இருப்பவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, புதுப்பித்துக்கொண்டே வந்தால் அறுபதில் ஓய்வூதியம் உண்டு. பதிவார்கள், புதுப்பிக்க மறந்துவிடுவார்கள். கார்டு டிரங்குப் பெட்டிக்குள் காலாவதியாகக் கிடக்கும். உங்கள் தெருவில் யாருக்காவது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயது என்றால் அந்தக் கார்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குச் செய்பவர்கள் நிலைமைதான் இரண்டும் கெட்டான். ஊருக்கு விவசாயி, ஆனால் பட்டா இல்லாததால் மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசானின் வருஷ 6,000கூட வராது.

சரி, உங்கள் அப்பா கணக்கு. மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விட்டால் என்ன வரும் என்று பாருங்கள். குத்தகை ஊருக்கு ஊர் மாறும், ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு ஆறு மூட்டை என்று வைத்துக்கொள்வோம். அறுபது கிலோ மூட்டை, கிலோ 25 ரூபாய், ஆக மூட்டை 1,500. மூன்று ஏக்கர், இரண்டு போகம் என்றால் வருஷத்துக்கு 54,000. மாதம் 4,500, அதுவும் இரண்டு போகமும் விளைந்தால். ஏக்கர் பத்து லட்சம் என்று கணக்குப் போட்டால் முப்பது லட்சம் சொத்து, அதில் வருமானம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் போடக்கூடியதும் முப்பது லட்சம்தான். 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீத வட்டியில் அது மாதம் 20,500 ஆகும்.

இதைப் பார்த்ததும் "வித்துவிடலாம்" என்று ஊருக்குப் போன் போடாதீர்கள். வட்டி மாறும், போட்ட அசல் வளராது, நிலம் வளரும். அதைவிட, மூன்று ஏக்கரையும் விற்ற மனிதர் டீக்கடை பெஞ்சில் எப்படி உட்காருவார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது ஒரு ஏக்கர், அதாவது மூன்று மா. மடைக்குத் தூரமான துண்டு எதுவோ அது. பத்து லட்சம் வந்து, அதை அந்த அஞ்சலகத் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 வட்டி கணக்கில் விழும். நகராட்சி எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்து விவசாய நிலம் என்றால் விற்றதற்கு மூலதன ஆதாய வரியும் கிடையாது. கணக்கை அப்பா, அம்மா இருவர் பெயரிலும் கூட்டாகத் தொடங்குங்கள். அம்மாவுக்கு வயது போதாது என்று யாராவது சொன்னால், முதல் பெயருக்குத்தான் அறுபது, கூட்டுக்காரர் மனைவியாக இருந்தால் போதும் என்று சொல்லுங்கள். அப்பாவுக்குப் பின், அப்போது அம்மாவுக்கு அறுபது ஆகியிருந்தால், அவர் அந்தக் கணக்கைத் தொடரலாம். விற்கவே மனசில்லை என்றால் வேறு வழி: மீதிச் செலவுக்கு நீங்கள் மாதம் அனுப்புங்கள், ஆனால் நகையை அடகு வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பயிர்க்கடனைக் கூட்டுறவில் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லாதபோது அம்மாவின் சங்கிலி எதற்கு இரும்புப் பெட்டிக்குப் போக வேண்டும்?

நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அறுபது தாண்டியதும் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். என் சித்தப்பா அவசரப்பட்டுத் தானசெட்டில்மெண்ட் எழுதிவிட்டு, பிறகு உரம் வாங்கக்கூட மகனிடம் கை நீட்டினார். மகன் கெட்டவன் இல்லை, மறந்துவிடுவான், அவ்வளவுதான். எழுதுவதாக இருந்தால் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை அப்பா, அம்மா இருவருக்கும் வைத்து, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது, ஆனால் அந்த நிபந்தனை இல்லாத பத்திரத்தில் வழக்கு இழுக்கும்.

உங்கள் தம்பிக்கு முப்பது வயது, ஊரில்தான் இருக்கிறார், டிராக்டர் ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயதுக்குள் சேர வேண்டும், வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. முப்பதில் சேர்ந்தால் அறுபதுக்கு மேல் மாதம் 5,000 பெற மாதம் 577 ரூபாய். அவருக்குப் பின் மனைவிக்கு அதே தொகை, இருவருக்கும் பின் வாரிசுக்கு எட்டரை லட்சம். விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் முப்பது வருடம் கழித்து அந்த 5,000இன் மதிப்பு இன்றைய 870 ரூபாய் என்பதையும் சொல்லிவிடுங்கள். அது சோறு இல்லை, ஊறுகாய். ஆனாலும் சேரட்டும்.

சேரும்போது ஒன்று செய்யச் சொல்லுங்கள். வங்கியில் கேட்காமலே மாதத் தவணை என்று டிக் அடித்துவிடுவார்கள். இந்தத் திட்டத்தில் காலாண்டு, அரையாண்டுத் தவணையும் உண்டு. நம்ம ஊரில் மாதத் தவணை போட்டவர்கள் வைகாசியிலும் ஆனியிலும் கணக்கில் பணம் இல்லாமல் அபராதம் கட்டி, அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். எங்கள் கிளையிலேயே எத்தனையோ பார்த்தேன். அரையாண்டு என்று போட்டால் சுமார் 3,400 ரூபாய். மாசியில் சம்பாப் பணம் கையில் இருக்கும்போது சேர்ந்தால் அடுத்த தவணை ஆவணியில் வரும். டிராக்டருக்கு அப்போது உழவு வேலை நிறைய இருக்கும், கணக்கில் காசும் இருக்கும்.